யன்னல் மட்டம்

முஸாஃபாவில் அலுமினியப் பட்டறைக்குப் பின்னால் முகாம்.
அறைக்கு ஆறு பேர்.
மேல் கட்டில் எனக்கு, கீழ்க் கட்டில் சுமனபாலவுக்கு.
நான் பரந்தன். அவன் மதவாச்சி.
இரண்டு வருடம்
அந்தத் தூரத்தை நாங்கள் அளக்கவில்லை.
விடியலில் ஒருவன் புரண்டால்
மற்றவனின் இரும்பும் கிறீச்சிடும்.
அவ்வளவுதான் சுகம் விசாரிப்பு.

கையெழுத்தான இரவு
வானொலியைத் தன் பக்கம் இழுத்து
சிங்களத்தில் கேட்டான்.
பிறகு மேலே நீட்டினான்.
நான் தமிழில் கேட்டேன்.
இரண்டிலும் ஒரே செய்தி.
அது முதல் தடவை.

அந்தக் கிழமை ஒரு குக்கர் வாங்கினோம்,
ஆளுக்கு நாற்பது திர்ஹாம்.
அவனுக்குச் சிவப்பரிசி வேண்டும், எனக்குக் குத்தரிசி.
கடையில் இருந்ததோ பாசுமதி,
இருவருக்கும் பிடிக்காத அரிசி.
அதனால் சண்டை வரவில்லை.

விடுமுறையில் போனவன்
தாயோடு நயினாதீவு யாத்திரை பஸ்ஸில் ஏறி,
ஓமந்தையில் ஒரு தரம்
சற்றுத் தள்ளி இன்னொரு தரம்
பையைத் திறந்து காட்டி,
பரந்தன் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி
என் அம்மாவைத் தேடிப் போயிருக்கிறான்.
முகவரி, சிகரெட் பெட்டியின் உட்புறத்தில்
நான் கிறுக்கிக் கொடுத்தது.
அவனிடம் மூன்று தமிழ்ச் சொற்கள்:
சோறு, தண்ணி, நாளைக்கு.
அம்மா மூன்றையும் நம்பினாள்.

திரும்பி வந்து
முகாம் ஹிந்தியில் கோபித்தான்:
"உன் வீட்டுக்குக் கூரையே இல்லை.
நீலத் தறப்பாள்தான். ஏன் சொல்லவில்லை?"
"நீ கேட்கவில்லையே" என்றேன்.

அதன் பிறகு என் ஓவர்டைம் எல்லாம்
கல்லும் மணலும் ஆனது.
கிளிநொச்சிக் கடையொன்றிலிருந்து
தங்கை சுவரை வாசிப்பாள்:
"ஏழாம் வரி முடிஞ்சுது அண்ணா."
கீழ்க் கட்டிலில் இருந்து அவன் கேட்பான்,
"கித்னா ஹுவா?"
நான் விரல்களை விரித்துக் காட்டுவேன்.

ஒரு நாள், வெங்காயம் உரிக்கும்போது,
தானாகவே சொன்னான்:
"தம்பி ஆமியில். முகமாலை."
தலையாட்டினேன்.
என் அக்காவும் முகமாலையில்தான்,
மண் அணைக்கு இந்தப் பக்கம்.
அதை நான் சொல்லவில்லை.
வெங்காயம் நிறைய இருந்தது.
உரித்துக்கொண்டே இருந்தேன்.

பேசப் போனவர்கள் பேசாமல் திரும்பினார்கள்.
ஒரு சைக்கிள் வெடித்தது.
ஓர் ஆட்டோக்காரர் இரவு வீடு சேரவில்லை.
மீறல்களை எண்ண வெளிநாட்டிலிருந்து ஆட்கள் இருந்தார்கள்,
நேர்மையாகத்தான் எண்ணினார்கள்.
வானொலி மறுபடி
இரு மொழியில் இரு செய்தி சொன்னது.
நாங்கள் ஆளுக்கொரு ஹெட்ஃபோன் வாங்கினோம்.

ஆகஸ்ட். நடுப்பகலில் இரும்பைத் தொட முடியாமல்
எங்களை நிழலில் உட்கார வைக்கும் மாதம்.
பாதையைப் பூட்டினார்கள்.
"சீமெந்து வராதாம்.
யன்னல் மட்டத்தில நிக்குது, அண்ணா."
அதன் பிறகு அந்தக் கடையின் எண்
அடித்தால் அடித்துக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் அவனுக்கு அழைப்பு வந்தது.
குளியலறை வாசலில் நின்று
"ஹரி, ஹரி" என்றான்.
சப்பாத்தோடு கட்டிலில் சரிந்தான்.
நான் மேலே.
ஏணிக்கு ஐந்து படி.
அக்கா இருக்கிறாளா என்று எனக்கும் தெரியாது.
அதைச் சொன்னால் ஆறுதலா, குற்ற ஒப்புதலா?
ஏசி ஓடியது.
ஐந்து படியும் அப்படியே இருந்தன.

அடுத்த வெள்ளி பதினாலாம் அறைக்கு மாறினான்.
குக்கரை விட்டுப் போனான்.
அவனுடைய பங்கு நாற்பது திர்ஹாமை
ஸ்டோர்கீப்பர் மொய்துவிடம் கொடுத்தனுப்பினேன்.
திருப்பி அனுப்பினான்.
மறுபடி அனுப்பினேன்.
மறுபடி வந்தது.

காசு இப்போது மொய்துவின் லாச்சியில் கிடக்கிறது,
வெல்டிங் கம்பிப் பெட்டிகளின் ரசீதுகளோடு.
சம்பள நாளில் நாங்கள் இருவரும்
ஒரே வரிசையில், நடுவில் நாலு பேர் விட்டு நிற்கையில்
அவர் கண்ணாடியை இறக்கிக் கேட்கிறார்,
யாரை என்று இல்லாமல்:
"இதை நான் எந்தக் கணக்கில் எழுத?"